மானிட்டரிங் மென்பொருளின் பீட்டா வந்திருக்கிறதா? போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

நெட்வொர்க்கையும் சர்வர்களையும் கண்காணிக்கும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே பீட்டா, ஆர்சி (இறுதிக்குச் சற்று முந்தையது) என்ற பெயர்களில் முன்வெளியீடு வந்துவிடும். "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று ஐடி துறைக்குப் புதிதாக வந்தவரிடம் அதைத் தள்ளிவிடுவது வழக்கம். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இது.

விளக்கத்துக்கு ஒரு அமைப்பை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் கோவையில். தொழிற்சாலை கேரள எல்லை தாண்டி கஞ்சிக்கோட்டில், கிடங்கு வாளையாரில், சின்னக் கிளை கொழிஞ்சாம்பாறையில். ஸ்விட்ச், ரூட்டர், சர்வர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்துச் சுமார் 300 கருவிகள். மென்பொருள் ஜாபிக்ஸ், டேட்டாபேஸ் மைசீக்வல் என்று வைத்துக்கொள்கிறோம். நீங்கள் வைத்திருப்பது வேறொன்றாக இருந்தாலும் வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

புது டாஷ்போர்டு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். மிச்ச நாட்கள் எல்லாம் இரண்டே கேள்விகளுக்கு: பழைய பதிப்பு கூவிச் சொன்ன எதையாவது புதியது சொல்லாமல் விழுங்குகிறதா? போட்டபின் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராமல் மதிப்பீடு முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

இறக்குவதற்கு முன்

வெளியீட்டுக் குறிப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முதலில் "நீக்கப்பட்டவை", அடுத்து "தெரிந்த குறைகள்", பிறகு "மேம்படுத்தும்போது கவனிக்க". புது வசதிகள் கடைசியில். கூடவே தேவைகளின் பட்டியல்: எந்த ஓஎஸ், எந்த டேட்டாபேஸ் பதிப்பு, எந்தப் பிஎச்பி (வெப் பக்கத்தை ஓட்டும் மொழி). ஜாபிக்ஸ் 6.0 பழைய பிஎச்பி 7.2 வரிசையிலும் ஓடும். 2024 ஜூனில் வந்த 7.0க்குக் குறைந்தது பிஎச்பி 8.0 வேண்டும். ரெட்ஹேட் லினக்ஸ் 8இல் இயல்பாகக் கிடைப்பது 7.2. ஆக, மானிட்டரிங்கை மட்டும் மாற்றுகிறோம் என்று தொடங்குகிற வேலை அதே சர்வரில் ஓடும் இன்னொரு வெப் பக்கத்தையும் உடைக்கலாம். இது முன்கூட்டியே தெரிந்தால் ஒரு நாள் வேலை, நடுவில் தெரிந்தால் ஒரு வாரம்.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றால் பீட்டாவின் உரிம நிபந்தனையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று, உற்பத்திச் சூழலில் (அன்றாட வேலை நடக்கும் சர்வர்களில்) போடக்கூடாது என்ற வரி; பெரும்பாலும் இருக்கும். இன்னொன்று, பீட்டாவிலிருந்து இறுதிப் பதிப்புக்கு நேராக ஏறலாமா என்பது. சில தயாரிப்புகளில் ஏற முடியாது, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

இறக்கிய கோப்பின் ஹாஷையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபாருங்கள். ஆனால் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற மானிட்டரிங் மென்பொருள் விவகாரத்தில், 2020 மார்ச் முதல் ஜூன் வரை வெளியான அப்டேட்டுகளில் விஷம் கலந்திருந்தது. அவை அந்த நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடே வந்தன. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கினார்கள். டிசம்பரில்தான் வெளியே தெரிந்தது. அந்த நிரல் உள்ளே நுழைந்ததும் இரண்டு வாரம் வரை சும்மா கிடந்து, அதன் பிறகே வெளியே பேசத் தொடங்கும்படி எழுதப்பட்டிருந்தது. மானிட்டரிங் சர்வரிடம் நம் வீட்டுச் சாவிக்கொத்து முழுதும் இருக்கிறது. எனவே சோதனைச் சர்வருக்கு இணையம் திறந்துவிட வேண்டாம். அது வெளியே எங்கெங்கே பேச முயல்கிறது என்பதை ஃபயர்வால் லாகில் குறைந்தது இரண்டு வாரம் பாருங்கள்.

சோதனைச் சர்வர்: எவ்வளவு பெரிது

கணக்கு எளிது. 300 கருவிகள், ஒவ்வொன்றிலும் சராசரி 40 அளவீடு, 60 நொடிக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு 200 மதிப்புகள். ஒரு நாளைக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் வரிசைகள். எண் மதிப்பு ஒன்றுக்குச் சுமார் 90 பைட் என்று வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 1.55 ஜிபி, 30 நாளுக்கு 47 ஜிபி. இந்த அளவுக்கு 4 கோர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி உள்ள விஎம் (மெய்நிகர் கணினி) தாராளம். டிஸ்க் மட்டும் டேட்டாபேஸைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. அப்டேட் சில அட்டவணைகளின் அமைப்பை மாற்றும். மைசீக்வல் அப்போது பல நேரம் அட்டவணையை முழுக்க நகலெடுத்துத்தான் மாற்றும். இடம் போதாமல் பாதியில் நின்றால் பழைய பதிப்பும் எழாது, புதியதும் எழாது.

ஒத்திகையை இரண்டு முறை செய்யுங்கள். முதல் முறை பழைய வரலாற்றுத் தரவை விட்டுவிட்டு அமைப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதும், சீக்கிரம் முடியும். இரண்டாம் முறை முழு டேட்டாபேஸோடு. வரலாறு இல்லாத நகலில் 3 நிமிடத்தில் முடிந்த அப்டேட் உண்மையான தரவோடு பல மணி நேரம் எடுக்கலாம். நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய டவுன்டைம் இரண்டாவது எண்தான்.

எழுப்பும் முன் வாயைக் கட்டுங்கள்

புதியவர்கள் அடிபடும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

உற்பத்திச் சர்வரை நகலெடுத்தால் அதன் அலர்ட் விதிகள், எஸ்எம்எஸ் கேட்வே பாஸ்வேர்டு, டிக்கெட் இணைப்பு, "சர்வீஸ் நின்றால் நீயே ரீஸ்டார்ட் செய்" என்ற தானியங்கிக் கட்டளைகள் எல்லாம் கூடவே வந்துவிடும். நகல் எழுந்த முதல் நிமிடத்தில் பாதிக் கருவிகளை அதனால் தொட முடியாது. உடனே அவையெல்லாம் செத்துவிட்டதாக நினைத்து இரவுப் பணியில் இருப்பவருக்கு எஸ்எம்எஸ் மழை பொழியும். போதாததற்கு, நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸைப் போய் ரீஸ்டார்ட் செய்யும்.

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. நகலுக்குப் புது ஐபி, புதுப் பெயர். பழைய ஐபியோடு ஒரு நொடிகூட எழக் கூடாது.
2. ஃபயர்வாலில் அதன் வெளிச்செல்லும் வழிகளை மூடுங்கள்: மெயிலுக்கான 25, 465, 587, வெப் அழைப்புகளுக்கான 443.
3. சர்வர் சேவையைத் தொடங்காமல், டேட்டாபேஸிலேயே, அலர்ட் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் எல்லா ஆக்‌ஷன்களையும் அணைத்து வையுங்கள். வெப் பக்கத்தில் போய் அணைக்கலாம் என்று இருந்தால் அதற்குள் காரியம் கெட்டுவிடும்.
4. பிராக்ஸி (கிளைகளில் தரவைச் சேர்த்து வைத்துச் சர்வருக்குத் தரும் இடைநிலைச் சர்வர்) பட்டியலைத் திறந்து, பாசிவ் முறையில், அதாவது சர்வர் வந்து கேட்டால் கொடுக்கும் முறையில் உள்ளவற்றை முடக்குங்கள்.

நான்காவது ஏன்? பாசிவ் பிராக்ஸி தன்னிடம் சேர்ந்த தரவை, அனுமதிக்கப்பட்ட சர்வர் எது வந்து கேட்டாலும் கொடுத்துவிடும். கொடுத்ததை அனுப்பியாயிற்று என்று கணக்கு முடித்துவிடும். நகலின் ஐபி அந்த அனுமதிப் பட்டியலுக்குள் வந்துவிட்டால் கஞ்சிக்கோட்டுத் தரவு சோதனைச் சர்வருக்குப் போய், உற்பத்திச் சர்வரின் வரைபடத்தில் ஓட்டை விழும். யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு நேரெதிரான குழப்பம் ஆக்டிவ் ஏஜென்ட்டில் (கண்காணிக்கப்படும் கணினியில் ஓடி, தரவைத் தானே சர்வருக்கு அனுப்பும் சிறு நிரல்). அது தன் கோப்பில் எழுதியிருக்கும் சர்வருக்கு மட்டுமே பேசும். நகலில் பாதி அளவீடுகள் வெறுமையாகத் தெரிந்தால் பீட்டாவைத் திட்டாதீர்கள். ஏஜென்ட் அமைப்பில் சோதனைச் சர்வரின் முகவரியைக் காற்புள்ளி போட்டு இரண்டாவதாகச் சேர்த்தால் இரண்டுக்கும் தனித்தனியாக அனுப்பும். சர்வரே ஏஜென்ட்டிடம் போய்க் கேட்கும் பாசிவ் சோதனைக்கு 10050 போர்ட்டையும், சர்வர் பக்கம் 10051ஐயும் திறக்க வேண்டும். எங்கெங்கே சேர்த்தீர்கள், எதைத் திறந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் அந்தத் தாள் வேண்டும்.

ஏஜென்ட்டின் பீட்டாவை மட்டும் உற்பத்திக் கணினிகளில் போட வேண்டாம். பழைய ஏஜென்ட் புது சர்வரோடு ஒத்துப்போகும். புது ஏஜென்ட் பழைய சர்வரோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எந்தக் கருவிகளைச் சேர்ப்பது

300ஐயும் சேர்க்க வேண்டாம். பழைய ஸ்விட்சுகளின் சிபியு இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவியிடம் நிலவரம் கேட்கும் முறை) வழியாகக் கேட்டால் திணறும். 30 போதும். ஆனால் அந்த 30உம் நல்ல பிள்ளைகளாக இருக்கக் கூடாது. இருப்பதிலேயே வயதான ஸ்விட்ச், யூபிஎஸ் கார்டு, விஎம் ஹோஸ்ட், ஒரு விண்டோஸ் சர்வர், கொழிஞ்சாம்பாறையின் மெதுவான லைனுக்கு அப்பால் இருக்கும் ரூட்டர், போர்ட் விவரத்தில் யாரோ மலையாளத்திலோ தமிழிலோ பெயர் எழுதி வைத்திருக்கும் கருவி. கடைசியாகச் சொன்னது முக்கியம். டேட்டாபேஸின் எழுத்துக் குறியாக்கம் மாறும் அப்டேட்டுகளில் இந்தப் பெயர்கள்தான் முதலில் கேள்விக்குறிகளாக மாறும்.

பழைய கருவிகளில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். 32 பிட் போர்ட் கவுன்ட்டர் 429 கோடியே 49 லட்சம் பைட் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். முழு வேகத்தில் ஓடும் 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் அதற்கு 34 நொடி போதும். நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சர்வருக்கு அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்றே தெரியாது. புதுப் பதிப்பின் டெம்ப்ளேட் (எந்தக் கருவியில் எதை அளப்பது என்ற முன்தயாரிப்பு அமைப்பு) 64 பிட் கவுன்ட்டரைத்தான் எடுக்கிறதா என்று பாருங்கள். அதேபோல் எஸ்என்எம்பியின் அப்டைம் 497 நாளில் பூஜ்யமாகும். ஆண்டுக்கணக்கில் அணையாமல் ஓடும் ஸ்விட்ச் ரீபூட் ஆகிவிட்டது என்று அன்று பொய் அலர்ட் வரும். அது பீட்டாவின் பிழையல்ல, பழைய பதிப்பிலும் வந்திருக்கும்.

அப்டேட் ஒத்திகை

சேவையை நிறுத்துங்கள், பேக்கப் எடுங்கள், புதுப் பொதிகளைப் போடுங்கள், தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதுங்கள். ஜாபிக்ஸ் சர்வர் எழும்போது டேட்டாபேஸைத் தானே மாற்றத் தொடங்கும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று லாகில் வரும். 100 சதவீதம் என்ற வரி வரும்வரை கை வைக்காதீர்கள். நின்றுவிட்டதோ என்ற பதற்றத்தில் நடுவில் ரீஸ்டார்ட் செய்தால் டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம்.

பின்வாங்கும் வழி என்று மென்பொருளில் எதுவும் கிடையாது. டேட்டாபேஸ் ஒருமுறை மாறிவிட்டால் பழைய சர்வர் அதைத் தொடாது. பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்வது ஒன்றே வழி. எனவே அதையும் செய்து நேரம் எழுதுங்கள். டம்ப் கோப்பிலிருந்து (டேட்டாபேஸை உரையாக எழுதி வைத்த பேக்கப்) ரீஸ்டோர் செய்வது, அதை எடுத்த நேரத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். விஎம் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) இருக்கிறதே என்று தெம்பாக இருப்பவர்கள் டேட்டாபேஸ் எந்த விஎம்மில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். சர்வர் ஒரு விஎம், டேட்டாபேஸ் வேறொரு விஎம் என்றால் சர்வரின் ஸ்னாப்ஷாட்டால் ஒரு பயனும் இல்லை.

பிராக்ஸிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸை வைத்து ஓடும் பிராக்ஸியின் டேட்டாபேஸ் மேம்படாது. பழைய கோப்பு போய்ப் புதிதாக ஒன்று உருவாவதுதான் வழி. பிராக்ஸியை மேம்படுத்தும் முன் பழைய கோப்பில் தேங்கியிருக்கும் தரவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சர்வர் புதியது, கஞ்சிக்கோட்டுப் பிராக்ஸி முந்தைய பதிப்பு என்ற இடைக்காலத்தில் 7.0 வரிசையில் தரவு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அமைப்பு மாற்றங்கள் பிராக்ஸிக்குப் போகாது. அந்த நாட்களில் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்த்த ஸ்விட்ச் பட்டியலில் பச்சையாகவும் இருக்காது, சிவப்பாகவும் இருக்காது. அதனால் எல்லைக்கு இரு பக்கமும் ஒரே நாளில் ஆள் இருக்கும்படி தேதி வையுங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் கஞ்சிக்கோட்டிலும், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கோவையிலும் ஆளைத் தேடுவது வீண்.

இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில்

பழையதும் புதியதும் ஒரே 30 கருவிகளை ஒரே இடைவெளியில் பார்க்கட்டும். தினமும் காலையில் நான்கு விஷயம் எடுத்தால் போதும்: முந்தின நாள் அலர்ட்டுகளின் பட்டியல், ஆதரிக்கப்படாதவை என்று நின்றுபோன அளவீடுகளின் எண்ணிக்கை, 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாகக் காத்திருப்பவை, டேட்டாபேஸ் வளர்ந்த அளவு. அலர்ட் பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். புதியதில் மட்டும் வந்தவை எரிச்சல், சரிசெய்துகொள்ளலாம். பழையதில் வந்து புதியதில் வராதவை ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் டெம்ப்ளேட்டில் வரம்பு மாறியிருக்கும், அல்லது அளவீட்டின் சாவிப்பெயர் மாறிப் பழைய ட்ரிக்கர் (அலர்ட் எழுப்பும் விதி) எதையும் பார்க்காமல் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

தானாக நடப்பதற்குக் காத்திருக்காமல் நீங்களே உடைத்துப் பாருங்கள். கேபிளைப் பிடுங்குங்கள், ஒரு சர்வீஸை நிறுத்துங்கள், டிஸ்க்கை 95 சதவீதம் நிரப்புங்கள், எஸ்என்எம்பிக்கான 161 யூடிபி போர்ட்டை மூடுங்கள். ஒவ்வொன்றிலும் பிடுங்கிய நொடியிலிருந்து அலர்ட் வந்த நொடிவரை அளக்க வேண்டும். "சார், நெட் வரலைங்க" என்று தொழிற்சாலையிலிருந்து போன் வந்த பிறகு அலர்ட் வந்தால் அந்தக் கண்காணிப்பு எதற்கு?

இடி மழைக் காலத்து லைனை மறந்துவிடாதீர்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் சாயங்கால இடியோடு லைன் ஒரே அடியாகப் போகாது, வந்து வந்து போகும். சோதனை ரூட்டரின் லிங்க்கை 40 நொடி அணைத்து 20 நொடி விடுவது என்று பத்து முறை செய்யுங்கள். பத்து ஜோடி எஸ்எம்எஸ் வந்தால், மறுநாள் ஊழியர்கள் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவார்கள். வாளையார் லிங்க் போனால் அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகள் தனித்தனியே கத்தாமல் லிங்க் ஒன்று மட்டும் கத்துகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு சோதனைப் பிராக்ஸியின் லைனை 30 நிமிடம் துண்டித்து மீண்டும் விடுங்கள். தேங்கிய தரவு பழைய நேரமுத்திரையோடு வந்து சேர வேண்டும், வரைபடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது, "தரவு வரவில்லை" என்ற அலர்ட் ஒழுங்காக மூடிக்கொள்ள வேண்டும்.

எஸ்எம்எஸ், நேரம், விடுமுறை

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸின் வாசகத்தை டெலிகாம் நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவான வாசகத்தோடு பொருந்தாத செய்தியை டெலிகாம் நிறுவனம் வழியிலேயே நிறுத்திவிடும். புதுப் பதிப்பு அலர்ட்டின் தொடக்க வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும், ஒரு நிறுத்தக்குறியைச் சேர்த்தாலும் இதுதான் கதி. சர்வர் லாகில் "அனுப்பப்பட்டது" என்றே இருக்கும், போனில் எதுவும் வராது. ஆகவே இந்த ஒரு சோதனைக்கு மட்டும் கேட்வே வழியைத் திறந்து, பெறுநராக உங்கள் எண்ணை மட்டும் வைத்து, செய்தி உண்மையில் போனுக்கு வந்ததா என்று பாருங்கள். பிறகு மூடிவிடுங்கள்.

நீளத்தையும் பாருங்கள். ஆங்கில எழுத்து மட்டும் என்றால் ஒரு எஸ்எம்எஸில் 160 எழுத்து. உள்ளே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் 70ஆகக் குறையும். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கஞ்சிக்கோடு' நம் கண்ணுக்கு 6 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 11.

நம் நேரம் யுடிசியோடு (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணி வித்தியாசம். மணிக்கணக்கில் சராசரி எடுக்கும் மென்பொருள் யுடிசி மணியைப் பிடித்தால் நம் அறிக்கையில் ஒவ்வொரு கட்டமும் அரைமணியில் தொடங்கும். 9 மணி ஷிப்ட் அறிக்கை பழையதும் புதியதும் ஒத்துப்போகிறதா என்று ஒரு நாளாவது பாருங்கள். பராமரிப்பு நேரமும் இடவாரியாக வேலை செய்ய வேண்டும்: கஞ்சிக்கோட்டுக்கு மட்டும் விடுமுறை உள்ள நாளில் அதன் அலர்ட் அடங்கியிருக்க, கோவை அலர்ட் வழக்கம்போல் வர வேண்டும். அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு பழையதை அழிக்கும் அமைப்பு அதைவிடக் குறைந்த நாளுக்கு மாறியிருந்தால் திருப்பி வையுங்கள்.

பிழையைச் சொல்வது

கண்டுபிடித்த பிழையைத் தயாரிப்பாளரிடம் சொல்லும்போது ஒரு அறிக்கையில் ஒரு பிழை மட்டும். முழுப் பதிப்பு எண், ஓஎஸ், டேட்டாபேஸ் பதிப்பு, மீண்டும் வரவைக்கும் படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, அந்த நேரத்து லாக். "ஸ்லோவாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், "6.0இல் 2 நொடியில் திறந்த பக்கம், இதில் 14 நொடி, 30 கருவி, 1,200 அளவீடு" என்ற மாதிரி எழுதினால் பார்ப்பார்கள். டீபக் லாகை (பிழை தேடுவதற்கான விரிவான பதிவு) அப்படியே இணைக்காதீர்கள். ஐபி, கருவிப் பெயர், எஸ்என்எம்பி கம்யூனிட்டி (கருவி கேட்கும் ரகசியச் சொல்), சில நேரம் பாஸ்வேர்டுகூட அதில் கிடக்கும்.

முடிவும் துடைப்பும்

மேலதிகாரிக்கு ஒரு பக்கம் போதும்: அப்டேட்டுக்கு ஆன நேரம், திரும்ப ஆன நேரம், பழையதில் வந்து புதியதில் வராத அலர்ட்டுகளும் காரணங்களும், இறுதிப் பதிப்பு வந்ததும் மறுபடி சோதிக்க வேண்டியவை. காரணம் தெரியாமல் விடுபட்ட அலர்ட் ஒன்று இருந்தாலும் பரிந்துரை "இப்போது வேண்டாம்". ஆர்சி நன்றாக ஓடியதே என்று இறுதிப் பதிப்பைச் சோதிக்காமல் போடுவதும் கூடாது. இடையில் திருத்தங்கள் சேர்ந்திருக்கும்.

சோதனைச் சர்வரை அணைத்து மட்டும் வைக்காதீர்கள், அழித்துவிடுங்கள். உங்கள் நெட்வொர்க்கின் எல்லா பாஸ்வேர்டும் அதன் டேட்டாபேஸில் இருக்கிறது, பேக்கப் கோப்பிலும் இருக்கிறது. குறித்து வைத்த தாளை எடுத்து ஏஜென்ட் கோப்புகளில் சேர்த்த இரண்டாவது முகவரி, ஸ்விட்சுகளின் எஸ்என்எம்பி அனுமதிப் பட்டியல், ஃபயர்வாலில் திறந்த போர்ட்டுகள், ஏபிஐ டோக்கன் (வேறு நிரல்கள் உள்ளே வரத் தந்த சாவி) என்று ஒவ்வொன்றாக நீக்கி, நீக்கியதற்குப் பக்கத்தில் தேதி போடுங்கள்.